பிரிந்த பின்னும் படிவத்தில் இருக்கும் பெயர்

தோட்டத் தொழிலாளிக்கு என்ன சொத்து இருக்கிறது என்று கேட்டால், ஒன்றுமில்லை என்றுதான் நம்மில் பலர் சொல்வோம். லயத்துக் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். 7 பேர்ச்சஸ் காணியும் வீடும் கிடைத்தவர்கள் இன்னும் கொஞ்சப் பேர்தான். ஆனால் முப்பது வருஷம் கொழுந்து பறித்த பெண்ணின் பெயரில் ஊழியர் சேமலாப நிதி சேர்ந்து கிடக்கிறது. அவர் சம்பளத்தில் 8 வீதம், கம்பனி போட்டது 12 வீதம். நம்பிக்கை நிதியில் இன்னும் 3 வீதம். சேவைக்காலப் பணமோ வருஷத்துக்கு 14 நாள் சம்பளக் கணக்கு. அவர் உழைப்பில் மொத்தமாகச் சேர்ந்த பெரிய தொகை இதுதான். அவர் திடீரென்று கண்ணை மூடினால் அது யார் கைக்குப் போகும்?

கணவன் மனைவி பிரிவதற்கு இங்கே பெரும்பாலும் யாரும் கோர்ட்டுக்குப் போவதில்லை. தோட்டத் தலைவர் வருவார், இரண்டு வீட்டுப் பெரியவர்களும் வருவார்கள், இஸ்தோப்பில் பேச்சு முடிந்துவிடும். அல்லது கொழும்புக்கு வேலைக்குப் போனவர் திரும்பவே மாட்டார். ‘தீர்த்துக்கிட்டாங்க’ என்று லயம் சொல்லிவிடும். பதிவுத் திருமணம் என்றால் சட்டத்தின் முன் எதுவும் தீரவில்லை. மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பு வரும்வரை அவர்கள் கணவனும் மனைவியுந்தான். 1907ஆம் ஆண்டுத் திருமணப் பதிவுச் சட்டத்தில், இருவரும் மனமொத்துப் பிரிகிறோம் என்பது ஒரு காரணமே அல்ல. பிறர் உறவு, கெட்ட எண்ணத்தோடு கைவிட்டுப் போனது, தாம்பத்தியத்துக்கு இயலாமை, இவற்றில் ஒன்றை நிரூபித்தாக வேண்டும். ஹட்டனுக்கோ நுவரெலியாவுக்கோ வழக்குக்குப் போகும் ஒவ்வொரு நாளும் செக்ரோலில் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போய்விடும்.

மலையகத் தமிழருக்குத் தேசவழமை இல்லை, பொதுச் சட்டந்தான். மரணசாசனம் எழுதாமல் ஒருவர் இறந்தால், 1876ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர் சொத்தில் பாதி உயிரோடிருக்கும் துணைக்கு, மீதி பிள்ளைகளுக்கு. பதினைந்து வருஷமாக முகம் காட்டாதவரும் திருமணச் சான்றிதழோடு வந்து பாதியைக் கேட்கலாம். இது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனாலும் இந்தச் சட்டத்தை முழுதாகத் திட்டவும் மனம் வரவில்லை. புருஷன் வேறொரு குடும்பம் வைத்துக்கொண்ட பிறகும் டிவோஸுக்குச் சம்மதிக்காத பெண்கள் நம் லயங்களில் இருக்கிறார்கள். ஊர் அதை வீம்பு என்கிறது. அந்தப் பதிவு ஒன்றுதான் அவர்களுக்கு மிஞ்சிய உரிமை என்பதை அவர்கள் சரியாகவே புரிந்துவைத்திருக்கிறார்கள்.

தீர்ப்பு வாங்கியவர்களுக்கும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. விவாகரத்தோடு வாரிசுரிமை போய்விடும். ஆனால் சேமலாப நிதிக்குப் பின்னுரித்தாளராக, அதாவது தான் இறந்தால் பணத்தைப் பெறுபவராக, எழுதிக் கொடுத்த பெயர் தானாக அழியாது. அமெரிக்காவில் டியூபோன்ட் கம்பனித் தொழிலாளி வில்லியம் கென்னடி 1974இல் தன் சேமிப்புக்கு மனைவி பெயரை எழுதிக் கொடுத்தார். 1994இல் விவாகரத்தானபோது அந்தப் பணத்தில் உரிமை வேண்டாம் என்று மனைவி விட்டுக்கொடுத்தார். கென்னடி படிவத்தை மாற்றவில்லை. 2001இல் அவர் இறந்ததும் ஏறக்குறைய 4 லட்சம் டொலர் முன்னாள் மனைவிக்கே போனது. மகள் வழக்காடினார். படிவத்தில் உள்ள பெயருக்குக் கொடுத்தது சரியே என்று உச்ச நீதிமன்றம் 2009இல் சொல்லிவிட்டது.

டிக்கோயாப் பக்கம் ஓர் அக்காவிடம் இதைச் சொன்னேன். கொழுந்துக் கறை படிந்த விரலால் கூடைக் கயிற்றை நீவிக்கொண்டே, “அந்தாளு பேரு இருந்தா இருக்கட்டும் தம்பி, புள்ளைகளுக்கு அப்பன்தானே. பேர வெட்டுனா சாவுக்கு நாள் பாக்குற மாதிரி இருக்கு” என்றார். நம் சனங்களின் மனம் அதுதான். அந்த இரக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அவர் மகள் ஏ.எல். படிக்கிறாள், அவள் அடுத்து என்ன படிப்பாள் என்பது அந்தப் பணத்தில் இருக்கிறது. பெயரை மாற்றுவது அப்பனுக்குச் செய்யும் துரோகம் அல்ல, மகளுக்குச் செய்ய வேண்டிய கடமை.

வீடும் நகையும் யாருக்கு என்பதை மரணசாசனமாக எழுதலாம். நொத்தாரிஸும் இரண்டு சாட்சிகளும் போதும். நொத்தாரிஸ் இல்லையென்றால் ஐந்து சாட்சிகள் ஒன்றாக இருக்க வேண்டும். பின்னுரித்தாளரை மாற்றவோ கோர்ட்டும் வேண்டாம், விட்டுப்போனவர் கையெழுத்தும் வேண்டாம். தோட்ட ஆபீஸில் படிவம் கேளுங்கள். செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், கூப்பிடுவது இன்னொரு பெயர் என்பது நமக்குப் பழகிப்போன சங்கதி. பிள்ளைகளின் பெயரைப் பிறப்புச் சான்றிதழில் உள்ளபடி, ஓர் எழுத்தும் மாறாமல் எழுதிக் கொடுங்கள். கொடுத்ததற்கு ஒரு பிரதி கேட்டு வாங்கி, அதை அந்தப் பிள்ளைகள் கையிலேயே கொடுத்து வையுங்கள்.