அளவுகோல் யார் கையில்?

"பரிசு தருகிறோம், எழுத்தாளர்களே வருக!" என்று அழைப்பு எழும்போது, தொகை எவ்வளவு என்று கேட்போர் பலர், எந்தக் கோல் கொண்டு அளக்கப் போகிறீர் என்று கேட்போர் மிகச் சிலர். அந்தச் சிலரோடு சேர்ந்து நாமும் கேட்போம். கேட்பதற்கு ஏற்ற களம், ஆப்பிரிக்கச் சிறுகதைகளுக்கென ஏற்பட்ட கெய்ன் பரிசு.

2000ஆம் ஆண்டு, சிம்பாப்வே நாட்டின் தலைநகராம் அராரேயில் நடந்த புத்தகக் கண்காட்சியிலே அதன் முதற்பரிசு வழங்கப்பட்டது. பெற்றவர் சூடான் நாட்டு லைலா அபுலேலா. ஆப்பிரிக்க மண்ணிலே பிறந்த விழா, பின்னர்ப் பல ஆண்டுகள் நடந்த இடமோ ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகம்! கதையிலே பசி, கதைக்குப் பரிசளிக்கும் மண்டபத்திலே விருந்து!

பரிசின் பெயருக்குரிய மைக்கேல் கெய்ன், புக்கர் நிறுவனத்தின் தலைவராக இருந்தவர். புக்கர் என்றதும் நமக்கு நாவல் பரிசு நினைவுக்கு வரும். கயானா நாட்டுத் தோட்டத் தொழிலாளியின் பேரனுக்கோ கரும்பு நினைவுக்கு வரும். சென்னைத் துறைமுகத்திலே கப்பலேறிச் சென்ற தமிழரும் அந்நாட்டுக் கரும்புக் கொல்லைகளிலே ஒப்பந்தக் கூலிகளாய் வியர்வை சிந்தினர் அன்றோ! 1972இல் புக்கர் பரிசு பெற்ற ஜான் பெர்ஜர், அந்தச் சர்க்கரைச் செல்வத்தின் வரலாற்றை விழாவிலேயே எடுத்துரைத்து, தொகையில் பாதியைக் கறுப்புச் சிறுத்தைகள் இயக்கத்துக்கு அளிப்பதாக அறிவித்தார்.

கறைபட்ட செல்வத்தைக் கலைஞன் ஏற்கலாமா? ஏற்கலாகாது என்பர் சிலர். நாம் அவ்வளவு கடுமை காட்ட விரும்பவில்லை. கென்யாவின் பின்யவங்கா வைனைனா 2002இல் கெய்ன் பரிசு பெற்றார், பெற்றவர் 'குவானி?' என்ற இதழைத் தோற்றுவிக்க முனைந்தார். 2003இல் இவோன் ஓவுவோர் பரிசு வென்ற கதை, அந்த இதழில் வெளிவந்த கதையே! அயலார் தந்த பொருள், உள்ளூரிலே உலைக்களம் ஆயிற்று. வாங்கியவர் தலை குனியவில்லை, நிமிர்ந்தார்.

ஆகவே, பணத்தைவிடப் பார்வையே நம்மை அச்சுறுத்துகிறது. 2011இல் பரிசு பெற்ற நோவயலெட் புலவாயோவின் கதையிலே, பசித்த சிறுவர் சிறுமியர் பணக்காரப் பகுதிக்குச் சென்று கொய்யாப்பழம் திருடுகின்றனர். நல்ல கதை. ஆயினும், வறுமையைக் கடை விரிக்கும் போக்கு என்று கண்டனம் எழுந்தது. 2013இல் அவருடைய நாவலை மதிப்பிட்ட எலோன் அபிலாவும் அக்குறையைச் சுட்டினார். அவரோ 2001இல் இதே பரிசைப் பெற்றவர்! பசியை எழுதாதே என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. வயிறு காய்ந்தவன் கதையை வயிறு நிறைந்தவன் மறைக்கச் சொல்வது கயமை. ஆனால், பசிக்குத்தான் பரிசு என்று ஓர் இளைஞன் கற்றுக்கொண்டானாயின், அவன் தன் தெருவைத் தன் கண்ணால் காண்பானா? நடுவரின் கண்ணாலன்றோ காண்பான்!

அதியமான் தன்னை நேரில் காணாமலே அனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் மறுத்தார் என்று புறநானூறு காட்டுகிறது. புலவர் பொருளை வெறுத்தவரல்லர், வறுமையில் வாடியவர்தாம். தன் புலமை அறியப்படவேண்டும் என்றே விரும்பினார்.

இனி, யார் ஆப்பிரிக்கர் என்ற வழக்கு. 2013இல் பரிசு பெற்ற டோப் ஃபோலாரின் அமெரிக்காவிலே பிறந்தவர்; பெற்றோர் நைசீரியர்; கதை நடக்கும் இடம் டெக்சாசு. விதி அவரை ஏற்றது. சிலர் முகம் சுளித்தனர். சுளித்தது தவறு என்போம். கடல் கடந்தவர் பிள்ளைக்குப் பாட்டியின் மொழியும் பழைய ஊரின் துயரும் உடைமை இல்லையா? ஆனால், ஒன்றை மறைத்தல் நேர்மையன்று. இப்பரிசுக்கு அச்சேறிய கதைதான் வரவேண்டும்; அனுப்புபவரும் பதிப்பாளரே. அமெரிக்காவிலே இதழ்கள் ஏராளம். இதழே இல்லாத ஊரில் எழுதுபவன் கையெழுத்துப் படியை வைத்துக்கொண்டு எங்கே செல்வான்? ஒரே கோடு, ஒரே மணி. ஆனால் ஓடத் தொடங்கும் இடம் மட்டும் வேறு வேறு! 2015இல் வென்ற சாம்பியாவின் நம்வாலி செர்ப்பெல், 10,000 பவுண்டையும் இறுதிப் பட்டியலில் இருந்த மற்றவரோடு பகிர்வதாக அறிவித்தாரே, அந்தப் பெருந்தன்மை விதி வகுத்தோரிடம் தோன்றியிருக்க வேண்டாமா?

மொழியும் இருக்கிறது. கெய்ன் பரிசுக்குக் கதை ஆங்கிலத்திலோ, ஆங்கில மொழிபெயர்ப்பிலோ அமைய வேண்டும். கூகி வா தியாங்கோ ஆங்கிலத்தை விடுத்துக் கிக்குயு மொழியிலே எழுதத் துணிந்தது எதற்காக? தாய்மொழி வாசலிலே நின்று மொழிபெயர்ப்பாளரை எதிர்பார்க்கும் நிலை ஒழியத்தானே! சுவாகிலி மொழிக்கெனவே 2014இல் மபாட்டி-கார்னெல் பரிசு ஏற்பட்டது, அதுவே நேர்வழி.

நமக்கும் இதிலே பங்குண்டு. காமன்வெல்த் சிறுகதைப் பரிசுக்குத் தமிழிலும் கதை அனுப்பலாம். மகிழத்தக்க செய்தி. ஆனால் தகுதி, காமன்வெல்த் நாட்டுக் குடியுரிமை. யாழ்ப்பாணத்திலே ஒரே தெருவிலே பிறந்து, ஒரே போரிலே வீடிழந்து வெளியேறிய இருவரை எண்ணிப் பாருங்கள். ஒருவர் டொராண்டோ சேர்ந்து கனடியர் ஆனார். அவர் கதை அனுப்பலாம். மற்றவர் பாரிசு சேர்ந்து, பழைய குடியுரிமை நீங்கிப் பிரெஞ்சுக்காரர் மட்டுமே ஆனார். அவர் அனுப்ப இயலாது.