தம்பானூரும் வள்ளக்கடவும்

திருவனந்தபுரம் சாலைக் கடைவீதிக்கு வேண்டிய சரக்குகளை ஒரு காலத்தில் கெட்டுவள்ளங்கள் என்னும் சரக்குப் படகுகள் கொண்டுவந்தன. ராணி கௌரி பார்வதி பாயின் காலத்தில் வெட்டப்பட்ட பார்வதி புத்தனாறு அதற்கு வழியானது. ஆனால் வடக்கே வர்க்கலைக் குன்று குறுக்கே நின்றது. அங்கே மூட்டைகளை இறக்கி, தரைவழியே சுமந்து, மறுபுறம் வேறு வள்ளத்தில் ஏற்ற வேண்டும். 1880 வாக்கில் திருவிதாங்கூர் அரசு அந்தக் குன்றில் இரண்டு சுரங்கங்களைக் குடைந்து முடித்தது. நீளமானது 700 மீட்டருக்கும் மேல். எத்தனை பெரிய உழைப்பு!

அதன் பலன் நாற்பது ஆண்டுகூட முழுதாக நிற்கவில்லை. 1918-இல் கொல்லத்திலிருந்து ரயில் வந்தது. 1931-இல் அது தம்பானூர்வரை நீண்டு, சாலைக் கடைவீதிக்கு அருகிலேயே வந்து நின்றது. வள்ளமோ புத்தனாற்றின் படகுத்துறையான வள்ளக்கடவோடு நின்றது. அங்கிருந்து கடைக்கு மாட்டுவண்டிதான். ரயிலின் வேகத்தைவிட இந்தக் கடைசி இரண்டு மூன்று மைல்தான் கால்வாயைத் தோற்கடித்திருக்கும் என்பது என் எண்ணம்.

அதற்காகக் கால்வாயையே கைவிட்டிருக்க வேண்டியதில்லை. அரிசி, கொப்பரை, ஓடு போன்றவற்றுக்கு அவசரம் கிடையாது. அவற்றை நீர்வழிக்கே விட்டு, ஆண்டுதோறும் தூர்வாரியிருக்கலாம். தூர்வாராமல் விட்ட புத்தனாற்றில்தான் ஆகாயத்தாமரையும் கழிவுநீரும் சேர்ந்தன. கோவளம்–பேக்கல் நீர்வழித் திட்டத்துக்காக இப்போது அதே ஆற்றை மறுபடி தோண்டுகிறார்கள்.