முதல் ரசிகர் யார்?

சித்திரை உற்சவம். பொன்னேரி ஹரிஹரன் கடைவீதியில் கால் வைக்க இடம் இருக்காது. ஒரு பக்கம் கருட வாகனத்தில் திருஆயர்பாடி கரிகிருஷ்ண பெருமாள் வருகிறார். எதிர்ப்பக்கம் நந்தி வாகனத்தில் அகத்தீஸ்வரர் வருகிறார். ஹரியும் ஹரனும் நேருக்கு நேர் நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் சந்திப்பு உற்சவம் அது! கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் ஏறினால் ஒரே வண்டியில் போய்விடலாம். போகாதவர்கள் ஒருமுறை போய் வாருங்கள்.

அந்த உற்சவத்தில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. நாம் ஸ்வாமியைப் பார்க்கப் போகிறோம். ஸ்வாமியோ அங்கே இன்னொரு ஸ்வாமியைப் பார்க்க வந்திருக்கிறார்! பார்ப்பது என்பது அவருக்கும் பிடித்த காரியம்தான் போலிருக்கிறது. இந்த ஒரு விஷயத்தை மனசில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

விசேஷ நாட்களில் கோயில்களில் மாலையில் பரதநாட்டியம், அதன்பின் இரவுச் சாப்பாடு என்று ஏற்பாடு செய்வது இன்று பல ஊர்களில் வழக்கமாகிவிட்டது. அர்ச்சனை முடித்து, குங்குமம் இட்டுக்கொண்டு, மண்டபத்து ஜமக்காளத்தில் ஓர் இடம் பிடித்து உட்காருகிறீர்கள். சலங்கை ஒலிக்கிறது. பத்து வயதுச் சிறுமி ஒருத்தி யசோதையாக மாறிக் கண்ணனைத் தேடிக்கொண்டிருக்கிறாள். அப்போதுதான் மைக்கில் அறிவிப்பு வருகிறது. 'அன்னதானம் தயார். பக்தர்கள் வரிசையாக வரவும்!'

அவ்வளவுதான். பாதிக் கூட்டம் எழுந்துவிடுகிறது. அந்தக் குழந்தை கண்ணனைக் கண்டுபிடிக்கும்போது, பார்க்க அவளுடைய அம்மாவும் பாட்டியும் மட்டுமே மிச்சம்.

எழுந்து போனவர்கள் செய்தது தப்பா? உட்கார்ந்திருந்தவர்களுக்குப் புண்ணியமா? கோயிலில் நடனம் பார்ப்பது வழிபாடா, வெறும் பொழுதுபோக்கா? 'இதெல்லாம் ஒரு கேள்வியா!' என்று தோன்றலாம். ஆனால் இதற்கான பதில் உங்கள் வீட்டுப் பூஜை அறையிலேயே இருக்கிறது.

பிள்ளையார் சதுர்த்திக்கும் வரலட்சுமி நோன்புக்கும் புத்தகத்தைப் பார்த்துப் பூஜை செய்கிறீர்கள் அல்லவா? ஆவாஹனம், ஆசனம், பாத்யம் என்று தொடங்கி தூபம், தீபம், நைவேத்தியம் எல்லாம் ஆனபிறகு, கடைசியில் ராஜ உபசாரங்கள் வரும். குடை பிடிக்கிறேன், சாமரம் வீசுகிறேன், பாட்டுக் கேட்கச் செய்கிறேன் என்ற வரிசையில் 'நிருத்யம் தர்சயாமி' என்றும் ஒன்று வரும். நாம் அட்சதையைப் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவோம். வீட்டில் குடையும் இல்லை, சாமரமும் இல்லை, ஆட ஆளும் இல்லை. அதனால் அட்சதை!

அந்த இரண்டு சொற்களுக்கு என்ன அர்த்தம்? 'நடனத்தைக் காட்டுகிறேன்.' யாருக்கு? எதிரே எழுந்தருளியிருக்கும் ஸ்வாமிக்கு. வீட்டில் நாம் அட்சதையால் ஈடுசெய்கிற அந்த உபசாரத்தைத்தான், கோயிலில் ஒரு குழந்தை சலங்கை கட்டி நிஜமாகவே செய்கிறாள். தீபாராதனை எப்படியோ, நைவேத்தியம் எப்படியோ, நடனமும் அப்படியே. முதல் ரசிகர் அவர்தான். நாம் அவருக்குப் பின்னால் உட்கார இடம் கிடைத்தவர்கள்.

இதை ஒப்புக்கொண்டால் பல விஷயங்கள் தாமாகவே தெளிவாகிவிடும். நந்திக்கும் ஸ்வாமிக்கும் நடுவே புகுந்து போகக்கூடாது என்று குழந்தைக்குச் சொல்லித் தருகிறோம். அப்படியானால் ஆடுகிறவளுக்கும் சந்நிதிக்கும் நடுவே செல்போனை உயர்த்திக்கொண்டு நிற்கலாமா? சில இடங்களில் மேடையைக் கூட்டத்துக்கு வசதியாகப் போட்டுவிட்டு, ஸ்வாமியை மேடைக்குப் பின்னால் விட்டுவிடுகிறார்கள். ஆடுகிறவளின் முதுகுதான் அவருக்குத் தரிசனம்! நைவேத்தியத்தை நமக்கு நேராக நீட்டிவிட்டு, திரையை ஸ்வாமிக்குப் போட்டதுபோல் இருக்கிறது அது. விஷயம் தெரிந்தவர்கள் உற்சவரை மேடைக்கு எதிரே எழுந்தருளப் பண்ணுவார்கள். கைதட்டலாமா என்று கேட்பீர்கள். தாராளமாகத் தட்டுங்கள். பத்து வயதுக் குழந்தைக்கு அது வேண்டும். கற்பூரம் காட்டும்போது கைகூப்புகிறோமே, அதுபோல் ஒரு நிமிஷம் முதலில் கூப்பிவிட்டுத் தட்டினால் இன்னும் அழகு.

நம் முன்னோர்கள் இதை எவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொண்டார்கள் என்பதற்குக் கல்லிலேயே சாட்சி உண்டு. தஞ்சைப் பெரியகோயிலில் ராஜராஜ சோழன் 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியமர்த்தினான். ஆளுக்கு ஒரு வீடு. ஆண்டுக்கு 100 கலம் நெல். ஒவ்வொருத்தியின் பெயரும், அவள் எந்த ஊர்க் கோயிலில் இருந்து வந்தாள் என்பதும் கல்வெட்டில் இருக்கிறது. கோயிலைக் கட்டிய சிற்பிகளில் எத்தனை பேர் பெயர் நமக்குத் தெரியும், சொல்லுங்கள்!

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். பொன்னேரியில் இருந்து சென்னைக்குத் திரும்பும்போது ரயில் திருவொற்றியூரைத் தாண்டித்தான் வருகிறது. 13-ஆம் நூற்றாண்டில் அங்கே ஓர் ஆவணித் திருநாள். தியாகராஜ ஸ்வாமி கோயில் மண்டபத்தில், 'தலைக்கோலி' என்ற பட்டம் பெற்ற உறவாக்கினாள் என்ற நடனப்பெண் 'அகமார்க்கம்' நிகழ்த்துகிறாள். மூன்றாம் ராஜராஜ சோழன் உட்கார்ந்து பார்க்கிறான். மணலியில் நிலம் விட்டு, அந்த நிலத்துக்கு அவள் பெயராலேயே உறவாக்கின நல்லூர் என்று பெயரும் வைத்தான் என்கிறது கல்வெட்டு. ஆமாம், இன்று எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும் நிற்கிற அதே மணலிதான்! ராஜாவே ஆனாலும் அந்த மண்டபத்தில் அவன் இரண்டாவது ரசிகன்தான். முதலாமவர் தியாகராஜர்.

இங்கே ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். பக்திப் பத்திரிகையில் இது எதற்கு என்று முகம் சுளிக்காதீர்கள்.

ஸ்வாமிக்கு ஆடிய அந்தப் பெண்களின் வம்சம் பிற்காலத்தில் என்ன ஆயிற்று? ஆட்டத்தை ரசித்தவர்களே அவர்களைத் தங்கள் போகப் பொருளாக்கினார்கள். அவர்கள் வீட்டு நிழல்கூட வேண்டாம் என்று பகலில் பேசியதும் அதே ஊர்தான். சின்னஞ்சிறு பெண்களுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கத்தை எதிர்த்து டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போராடினார். அவருடைய தாயாரே அந்தக் குலத்தில் பிறந்தவர். அந்தத் துன்பம் அவருக்கு ஏட்டுப் படிப்பல்ல. 1947-ல் சென்னை மாகாணத்தில் தடைச் சட்டம் வந்தது. ஒரு குழந்தையின் வாழ்க்கையை அவளைக் கேட்காமலேயே தீர்மானிக்கும் வழக்கம் ஒழிந்தது நியாயம்தான். அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

ஆனால் அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. 1935-ல் ருக்மிணி தேவி அடையாறு பிரம்மஞான சபையில் மேடையேறினார். அதன்பின் மெல்ல மெல்ல நடனம் 'நல்ல குடும்பத்து'க் கலையாயிற்று. 1981-ல் சிதம்பரத்தில் மகா சிவராத்திரியை ஒட்டி நாட்டியாஞ்சலி தொடங்கியது. நடனம் திரும்பவும் கோயிலுக்குள் வந்தது. சந்தோஷம். நடனத்தோடு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த குடும்பங்கள் திரும்பி வந்தார்களா? 1925-ல் காஞ்சிபுரத்தில் ஓர் அம்மன் கோயிலில் ஏழு வயதில் அரங்கேறிய பாலசரஸ்வதி, உலகமே கொண்டாடும் மேதையானார். 1973-ல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருதும் பெற்றார். அவரைப் போல் வெளிச்சம் கிடைத்தவர்கள் மிகச் சிலர். மற்றவர்கள் தங்கள் பாட்டி ஆடினாள் என்பதையே வெளியில் சொல்லாமல் வாழ்ந்து முடித்தார்கள். சாப்பாட்டை ருசித்துவிட்டுச் சமைத்தவளை வாசலில் நிற்கவைத்ததற்கு வேறு என்ன பெயர்?

உங்கள் மகளோ பேத்தியோ நடன வகுப்புக்குப் போகிறாளா? அடவுகளோடு இந்தக் கதையையும் அவளுக்குச் சொல்லுங்கள். வயதுக்குத் தகுந்தபடி சொன்னால் போதும். தலைக்கோலி என்ற சொல்லை அவள் தெரிந்துகொள்ளட்டும்.

சரி, பந்திக்கு வருவோம்.

'வீட்டில் எல்லாம் இருக்கிறதே, நாம் அன்னதானத்தில் உட்காரலாமா? அது இல்லாதவர்களுக்கானது அல்லவா?' இந்தத் தயக்கம் உங்களில் பலருக்கு உண்டு. நல்ல தயக்கம்தான். ஆனால் ஸ்வாமிக்குக் காட்டிய நைவேத்தியம் இலைக்கு வரும்போது அது யாருக்கும் இரக்கப்பட்டுக் கொடுப்பது அல்ல, பிரசாதம். வேண்டாம் என்று ஒதுங்குவதிலும் 'நான் வாங்கிச் சாப்பிடுகிறவள் இல்லை' என்ற கர்வம் நுழைந்துவிடும், ஜாக்கிரதை! உட்காருங்கள், சாப்பிடுங்கள். டிபன் பாக்ஸில் நிரப்பிக்கொண்டு போவது வேறு கதை. அதை உங்கள் மனசாட்சிக்கே விட்டுவிடுகிறேன்.

தமிழகக் கோயில்களில் 2002-ல் அரசின் அன்னதானத் திட்டம் வந்தது. 2012-ல் ஸ்ரீரங்கத்திலும் பழநியிலும் நாள் முழுக்க அன்னதானம் தொடங்கியது. அன்று முதல் கோயில் பந்தி யாருக்கும் அந்நியமில்லை. பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் ஒன்று கவனித்திருப்பீர்கள். சிப்காட் தொழிற்சாலைகளில் வேலை செய்ய ஒரிசாவில் இருந்தும் பீகாரில் இருந்தும் வந்த பிள்ளைகள் நிறையப் பேர். ஷிப்ட் முடிந்து அழுக்குச் சட்டையோடு கோயில் பந்திக்கு வரும்போது வரிசையின் கடைசியில் ஒதுங்கி நிற்பார்கள். மைக்கில் சொன்னது புரிந்திருக்காது. நாம் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் போய்விடுவோம். நமக்கு அது பிரசாதம். அவர்களுக்கு அது பிரசாதமும் பசியும். முதல் பந்தி யாருடையது என்று இப்போது சொல்லுங்கள்.

இந்த இடத்தில்தான் ஆட்டமும் சாப்பாடும் ஒன்றாகின்றன. நடனம் முடியும்வரை நீங்கள் உட்கார்ந்திருந்தால், முதல் பந்தியில் அந்தப் பிள்ளைகளுக்கு இலை கிடைக்கும். கண்ணனைத் தேடும் குழந்தைக்கும் பார்க்க ஆள் கிடைக்கும். ஒரே அரைமணி நேரம்!

'உட்கார்ந்து பார்த்தால் அது ஒரு புண்ணியமா?' என்று இன்னும் சந்தேகமிருந்தால், உங்களைப்போலவே சமையலறையில் நின்ற ஒருத்தியின் கதையைச் சொல்கிறேன். தெரிந்த கதைதான். பரவாயில்லை.

காரைக்காலில் வணிகன் பரமதத்தனின் மனைவி புனிதவதி. கணவன் இரண்டு மாம்பழம் கொடுத்தனுப்புகிறான். அந்நேரம் பசியோடு ஒரு சிவனடியார் வருகிறார். சோறு வெந்துவிட்டது, கறியமுது இன்னும் ஆகவில்லை. என்ன செய்வாள்? பழத்தில் ஒன்றைச் சோற்றோடு படைத்துவிடுகிறாள். கணவன் வந்து, மீதியிருந்த பழத்தின் ருசியில் மயங்கி, இன்னொன்றும் கேட்கிறான். அவள் இறைவனை நினைக்க, கையில் கனி வருகிறது. பயந்துபோன கணவன் விலகிப் போனதும், அவள் அழகை உதறிப் பேயுருக் கொண்டதும், கயிலைக்குத் தலையால் நடந்ததும் பெரியபுராணம் படித்தவர்களுக்குத் தெரியும்.

கயிலையில் 'அம்மையே' என்று அழைத்த ஈசன், என்ன வேண்டும் என்று கேட்கிறார். பிறவாமை கேட்டாள். பிறந்தாலும் அவரை மறவாமை கேட்டாள். அப்புறம் கேட்டதுதான் நமக்கு விஷயம். நீ ஆடும்போது உன் அடியின்கீழ் இருந்து மகிழ்ந்து பாட வேண்டும் என்றாள்! ஆடுகிறவனுக்கு எதிரே ஓர் இடம். அவ்வளவுதான் அவள் ஆசை. திருவாலங்காட்டில் அந்த இடம் கிடைத்தது. காளியோடு போட்டியிட்டு ஈசன் ஊர்த்துவ தாண்டவம் ஆடிய ரத்தின சபை அது. பொன்னேரி இருக்கும் அதே திருவள்ளூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அரக்கோணம் ரயிலில் போகலாம்.

அங்கே ஆடுகிறவரே ஸ்வாமி. பார்க்கிறவள் அம்மையார். பசித்தவருக்கு முதலில் இலை போட்டவளுக்குக் கிடைத்த இடம் அது.

அடுத்தமுறை சிவன் கோயிலுக்குப் போகும்போது, பிராகாரத்தில் அறுபத்துமூவர் வரிசையில் அவரைத் தேடிப் பாருங்கள். மற்ற நாயன்மார்கள் நின்றுகொண்டிருப்பார்கள். அம்மையார் மட்டும் உட்கார்ந்திருப்பார்.