ஏலி ஏசிய பெண்



எமது பங்குகளில், ஏறக்குறைய ஒவ்வொரு வட்டாரத்திலும், பூசைக்கு வராத ஒருவர் இருக்கிறார். அவர் விசுவாசத்தை விட்டவர் அல்லர். வீட்டில் சுரூபத்துக்கு முன் விளக்கேற்றுவார், செபமாலை சொல்லுவார், பிள்ளைகளை மறைக்கல்விக்கு அனுப்புவார். ஆனால் தாம் மட்டும் கோயில் வாசற்படியை மிதிக்க மாட்டார். காரணம் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். பல வருடங்களின் பின் ஒருநாள் மெல்லச் சொல்லுவார். தகப்பனாருடைய பிரேதம் வீட்டில் கிடந்த வேளையில் சுவாமி சொன்ன ஒரு வார்த்தையாக அது இருக்கும். அல்லது சனங்களுக்கு முன் பெயர் சொல்லி ஏசிய ஏச்சாக இருக்கும். அல்லது வாய்விட்டுச் சொல்லவே முடியாத, அதிலும் பெரிய காயமாக இருக்கும்.

“ஒரு சுவாமி ஏசினதற்காகக் கடவுளோடு கோபிக்கலாமோ?” என்று நாம் இலேசாகக் கேட்டுவிடுகிறோம். குருவானவனாகிய நானும் அப்படிக் கேட்டதுண்டு. இப்போது அதை நினைத்தால் வெட்கமாயிருக்கிறது. கடையில் ஒருவன் அவமதித்தால் வேறு கடைக்குப் போகலாம். எந்தக் கையிலிருந்து நற்கருணை வாங்கினோமோ அந்தக் கையே அடித்தால், அந்த வலி செபத்துக்குள்ளும் வந்து உட்கார்ந்துவிடுகிறது. முழந்தாளிட்டால் ஆண்டவருடைய முகத்துக்குப் பதிலாக ஏசியவருடைய முகமே முன்னால் நிற்கிறது. இது பிடிவாதம் அல்ல, காயம்.

வேதாகமம் இத்தகைய காயங்களை மறைத்து வைக்கவில்லை. சாமுவேல் முதலாம் நூலின் முதலாம் அதிகாரத்தை இன்றிரவு குடும்பச் செபத்தில் வாசித்துப் பாருங்கள். பிள்ளையில்லாத அன்னா, சீலோவில் ஆண்டவருடைய ஆலயத்தில் நின்று அழுது மன்றாடுகிறாள். உதடுகள் அசைகின்றன, சத்தம் வரவில்லை. கதவு நிலையருகே அமர்ந்திருந்த குருவாகிய ஏலி அவளைப் பார்க்கிறார், விசாரிக்கவில்லை. குடித்து வெறித்தவள் என்று தீர்மானித்து ஏசிவிடுகிறார். வீட்டிலே பெனின்னாவின் குத்தல் பேச்சுப் போதாதென்று, கோயிலிலும் இந்த ஏச்சு.

அன்னா அழுதுகொண்டு ஓடிப்போகவில்லை. பெரியவர் சொல்லிவிட்டார், பொறுத்துக்கொள்வோம் என்று வாயை மூடிக்கொள்ளவும் இல்லை. மரியாதை குறையாமல், தான் குடித்தவள் அல்ல, மனம் நொந்தவள், ஆண்டவரிடம் உள்ளத்தைக் கொட்டிக்கொண்டிருந்தவள் என்று முகத்துக்கு நேரே விளக்கினாள். ஏலியும் தம் சொல்லைப் பிடித்துக்கொண்டிராமல், சமாதானத்தோடே போகும்படி ஆசீர்வதித்தார். வயது முதிர்ந்த குரு ஒருவர் ஒரு சாதாரண பெண்ணுடைய பேச்சைக் கேட்டுத் தம்மைத் திருத்திக்கொண்டார். எம்மைப் போன்ற குருக்கள் இந்த வரியில் சற்றுக் கூடுதலான நேரம் தங்கவேண்டும்.

ஆனால் எல்லா ஏலிகளும் அவ்வளவு விரைவில் திருந்துவதில்லை. அவுஸ்திரேலியாவின் முதற் புனிதையான மேரி மக்கிலொப்பின் சரித்திரம் அதற்குச் சாட்சி. 1842இல் மெல்பேணில் பிறந்த இவர், ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்வி கொடுக்கும் கன்னியர் சபையொன்றை ஒரு குருவானவருடன் சேர்ந்து தொடங்கினார். 1871 செப்டெம்பர் 22ஆம் திகதி அடிலெயிட் மேற்றிராணியார் ஷீல், கீழ்ப்படியாமை என்ற குற்றம் சுமத்தி, அவரைத் திருச்சபைக்குப் புறம்பாக்கினார். அவருக்கு அப்போது வயது 29. சகோதரிகள் பலரும் வெளியே அனுப்பப்பட்டார்கள். அவர்களுக்கு வாடகையின்றி வீடு கொடுத்தவர் ஒரு யூத வர்த்தகர் என்பதை நாம் தலைகுனிந்து வாசிக்கவேண்டியிருக்கிறது. சிறு பிள்ளைகளுக்குத் தீங்கிழைத்த ஒரு குருவைப்பற்றி இச்சகோதரிகள் முறையிட்டிருந்தார்கள் என்றும், அதனால் எழுந்த பகையும் இத்தண்டனைக்கு ஒரு காரணம் என்றும் அவருடைய வரலாற்றை ஆராய்ந்தவர்கள் கூறுகிறார்கள்.

ஐந்து மாதங்களின் பின், 1872 பெப்ரவரி 23ஆம் திகதி, மரணப்படுக்கையில் இருந்த மேற்றிராணியார் தமது தவற்றை உணர்ந்து தண்டனையை நீக்கச் செய்தார். ஒரு வாரத்துக்குள் அவர் காலமானார். மேரி அவரைப் பழிக்கவில்லை. ஆனால் 1873இல் தாமே உரோமாபுரிக்குக் கப்பலேறி, பாப்பரசர் ஒன்பதாம் பத்திநாதரைக் கண்டு, தம் சபையின் வழக்கை எடுத்துரைத்தார். மன்னித்தவர்தான் வழக்கையும் எடுத்துச் சென்றார். இரண்டும் ஒரே இருதயத்தில் இருந்தன. பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் 1995 சனவரி 19ஆம் திகதி சிட்னியில் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்துவிட்டு, அங்கிருந்து கொழும்புக்கு வந்துதான் 21ஆம் திகதி காலிமுகத்திடலில் எமது யோசேவாஸ் முனிவரையும் அந்நிலைக்கு உயர்த்தினார். 2010இல் மேரி புனிதையாக்கப்பட்டார்.

மன்னிப்பு என்ற சொல்லை நாம் சில வேளைகளில் வாயை அடைக்கும் துணியாகப் பாவிக்கிறோம். “மன்னித்துவிடு, வெளியே சொல்லாதே, கோயிலுக்கு அவமானம்” என்கிறோம். ஏலியின் பிள்ளைகளான ஓப்னியும் பினகாசும் ஆலயத்துக்கு வந்த சனங்களின் பலியிறைச்சியைப் பறித்தார்கள். அங்கு பணிசெய்த பெண்களைக் கெடுத்தார்கள். ஊரே முறையிட்டது. ஏலி வாயால் கண்டித்தாரேயன்றி அவர்களைப் பதவியிலிருந்து விலக்கவில்லை. தெரிந்திருந்தும் தடுக்கவில்லை என்பதே ஆண்டவர் அவர்மேல் சாட்டிய குற்றம். ஆகவே, கடுஞ்சொல்லால் வந்த காயம் ஒன்று. குற்றத்தால் வந்த காயம் வேறொன்று. முன்னதைக் குருமனையில் நேருக்கு நேர் இருந்து பேசித் தீர்க்கலாம். பின்னதைப் பேசித் தீர்க்கப் பார்ப்பதே பாவம். பிள்ளையொன்றுக்குத் தீங்கு நடந்தால், தீங்கிழைத்தவர் சுவாமியாயினும் உபதேசியாராயினும், பொலிசுக்கும் 1929 என்ற இலக்கத்தில் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கும் அறிவியுங்கள். ஆயரிடமும் முறையிடுங்கள். அத்தகைய முறைப்பாட்டை ஏற்பதற்கு ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் ஒழுங்கு இருக்கவேண்டுமென்று பாப்பரசர் பிரான்சிஸ் 2019இல் சட்டமாகவே பணித்தார். முறையிட்டவர்மேல் மௌனத்தைச் சுமத்தலாகாது என்பதும் அச்சட்டத்தில் உண்டு.

பூசைக்கு வராத அந்த அயலவருக்கு நாம் என்ன செய்யலாம்? முதலில், வரும்படி நச்சரிக்காதிருங்கள். அவர் வீட்டுக்குப் போங்கள், தேநீர் குடியுங்கள், அவர் சொல்லத் தொடங்கினால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். சுவாமியின் பக்கத்து நியாயத்தை விளக்க வேண்டாம். அது அவருக்கு ஏற்கெனவே பலமுறை விளக்கப்பட்டிருக்கும். அந்தச் சுவாமி உயிரோடு இருந்தால், வந்து மன்னிப்புக் கேட்க அவருக்கு ஒரு வழி செய்து கொடுங்கள். அவர் காலமாகியிருந்தால், இப்போதைய பங்குக்குரு திருச்சபையின் பெயரால் அதைக் கேட்கலாம். அதனால் எமது குருத்துவத்துக்கு ஒரு குறையும் வராது. அவர் திரும்பி வர நாள் எடுக்கலாம், வருடமும் எடுக்கலாம். முதல் நாளில் கடைசி வாங்கிலில் இருந்துவிட்டு நற்கருணைக்கு முன்பே எழுந்து போய்விடவும் கூடும். திரும்பிப் பார்க்காதிருங்கள்.

அன்னாவும் சீலோவுக்குத் திரும்பி வந்தாள், உடனே அல்ல. பிள்ளை பால் மறக்கும் வரைக்கும் வீட்டிலேயே இருந்தாள். பின்பு சாமுவேலைக் கூட்டிக்கொண்டு வந்து, அதே ஏலிக்கு முன் நின்று, அன்று இவ்விடத்தில் மன்றாடி நின்ற பெண் நான்தான் என்று நினைவூட்டிவிட்டு, பிள்ளையை அவர் பொறுப்பில் ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தாள்.