அருளிச்செயலும் கைப்பேசியும்

எட்டாதவன் எட்டுமவனாய் நிற்பதே எம்பெருமானுடைய ஸௌலப்யம். பரமபதத்தில் நித்யஸூரிகள் ஸேவிக்க வீற்றிருப்பவன், ஆயர்பாடியில் உரலோடு கட்டுண்டான். அர்ச்சையிலே அர்ச்சகர் கையை எதிர்பார்த்து நிற்கிறான். ஆனால் அந்த எளிமையைக் கண்டு ஆழ்வார்கள் உருகினார்கள். சிசுபாலனோ இடையன் என்று இகழ்ந்தான். கண்ட குணம் ஒன்று, கண்டவர் இருவகையினர்.

அவனுடைய திருக்குணங்களைப் பேசும் அருளிச்செயலை எல்லோர் கையிலும் எளிதாகச் சேர்க்க முனைவோர்க்கும் இதுவே கேள்வி. நூலை எளிமையாக்குவது எங்கே முடிகிறது, எளிதென்று எண்ணச் செய்வது எங்கே தொடங்குகிறது?

ஓலைச்சுவடியிலிருந்து அச்சுக்கும், அச்சிலிருந்து திரைக்கும் ப்ரபந்தம் வந்துவிட்டது. மதுரைத் தமிழ் இலக்கிய மின்தொகுப்புத் திட்டம் 1998ஆம் ஆண்டிலேயே பழந்தமிழ் நூல்களைக் கணினியில் ஏற்றத் தொடங்கியது. வ்யாக்யானங்களுக்கு வேண்டிய க்ரந்த லிபிக்கு 2014இல் யூனிகோடில் இடம் கிடைத்தது. இன்று ஓர் இளைஞர் நாலாயிரத்தையும் ஒரு கைப்பேசிச் செயலியில் அடக்கிவிடலாம். பெரிய எழுத்து, எளிய உரை, கேட்க ஒலிப்பதிவு, காலையில் மணியடித்து ஒரு பாசுரம் என்று அவர் திட்டமிடுவார். எல்லாம் நல்லவையே. பார்வை மங்கிய முதியவருக்கும், அத்யாபகர் ஒருவரையும் காணாத தூரதேசத்தில் வாழ்பவருக்கும் இது பேருபகாரம். இதைத் தாழ்வென்று சொல்பவர், அச்சுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் சொல்கிறார்.

எனினும், அந்தக் காலைப் பாசுரத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். வீரநாராயணபுரத்தில் ஸ்ரீமந்நாதமுனிகள் திருக்குடந்தை ஆராவமுதனைப் பற்றிய பதிகம் ஒன்றைக் கேட்டார் என்று குருபரம்பரை கூறும். பதிகத்தின் பலச்ருதிப் பாசுரம், இந்தப் பத்து ஓர் ஆயிரத்தைச் சேர்ந்தது என்று தெரிவித்தது. ஆயிரம் எங்கே என்ற தவிப்போடு குடந்தைக்கும், பின்பு திருக்குருகூருக்கும் நடந்தார். பராங்குச தாஸரிடம் கண்ணிநுண்சிறுத்தாம்பைப் பெற்று, திருப்புளியின் அடியில் அதைப் பன்னீராயிரம் உரு அநுஸந்தித்தார். நாலாயிரமும் கிடைத்தது.

அவர் கேட்டது முழுமை அன்று, ஒரு பகுதியே. அது தன்னைப் பகுதி என்று சொல்லிக்கொண்டமையால் தேட்டம் பிறந்தது. திரையில் வண்ணப் பூக்களுக்கு நடுவே எண்ணும் பெயருமின்றி மின்னும் ஒற்றைப் பாசுரமோ, தன்னை முழுமையென்றே காட்டுகிறது. படித்தவர் மகிழ்ந்து நாலு பேருக்கு அனுப்பிவிட்டு வேறு வேலைக்குப் போகிறார். தேட்டம் அங்கேயே அவிந்து போகிறது.

திருவாய்மொழியோ 1102 பாசுரங்களும் அந்தாதியாய்த் தொடுக்கப்பட்டது. ஒன்றின் முடிவு அடுத்ததன் தொடக்கம். கடைசிப் பாசுரத்தின் முடிவும் முதற்பாசுரத்தின் தொடக்கத்தையே தொட்டு நிற்கும். இந்த மாலையிலிருந்து ஒரு மலரைக் கிள்ளிக் காட்டுவது குற்றமன்று. கிள்ளியது தெரியாமற் காட்டுவதே குற்றம். எந்தப் பத்து, அதில் எத்தனையாவது என்று கீழே காட்டி, விரலை நகர்த்தினால் முன்னும் பின்னும் உள்ள பாசுரம் வரும்படி வகுத்தால் போதும். செய்பவருக்கு அது அரைநாள் வேலை.

உரை விஷயம் இன்னும் நுட்பமானது. திருவாய்மொழிக்கு ஆறாயிரப்படி முதல் ஈடு முப்பத்தாறாயிரப்படி வரை ஐந்து வ்யாக்யானங்கள் உண்டு. ஒரே பாசுரத்துக்குப் பூர்வர்கள் வெவ்வேறு நிர்வாஹங்கள் அருளியதை ஈடு தானே எடுத்துக் காட்டுகிறது. இரண்டு வரியில் பொருள் சொல்லும் செயலி, அவற்றுள் ஒன்றை எடுத்து மற்றவற்றை மறைத்துவிடுகிறது. போதாக்குறைக்கு, இப்பொழுது கேட்ட மாத்திரத்தில் விடை சொல்லும் இயந்திர அறிவும் வந்துவிட்டது. எந்த ஆசார்யர் திருவாக்கு, எது இயந்திரம் கோத்த சொல் என்று வாசகருக்குத் தெரிவதில்லை.

இங்கே நம்பிள்ளை சரித்திரம் வழிகாட்டும். நஞ்சீயர் தம் ஒன்பதினாயிரப்படியைப் பட்டோலை கொள்ளும்படி அவரிடம் தந்தார். காவேரியைக் கடக்கையில் அது வெள்ளத்தில் போயிற்று. ஆசார்யர் திருவாயால் கேட்டதை நினைவிலிருந்தே எழுதினார் நம்பிள்ளை. சில இடங்களில் தமக்குத் தோன்றிய சுவைப்பொருள்களும் சேர்ந்தன. நஞ்சீயர் அவற்றைக் கண்டு வினவ, நடந்ததை மறைக்காமல் விண்ணப்பித்தார். ஆசார்யர் உகந்தார். புதிய பொருள் சேர்ந்ததில் தோஷமில்லை. சேர்த்தவர் இன்னார் என்பது ஒளிக்கப்படவில்லை. செயலியிலும் எளிய பொருள் முதலில் வரட்டும்; அது யார் எழுதியது என்பதும், இன்ன வ்யாக்யானத்தைத் தழுவியது என்பதும் உடன் வரட்டும்.

ஒலிக்கும் பழைய முறை ஒன்று உண்டு. சந்தை சொல்லும்போது ஆசார்யர் ஒருமுறை சொல்ல, சிஷ்யர் இருமுறை திருப்பிச் சொல்வர். ஒலிப்பதிவும் ஓர் அடியைச் சொல்லி, இருமுறை சொல்லும் அளவு மௌனமாய் இருக்கலாம். இடைவெளியின்றிப் பாடிக்கொண்டே போனால் அது பின்னணி ஸங்கீதம்.

தொடர்ந்து முப்பது நாள் படித்தவருக்குப் பதக்கம் என்ற ஏற்பாடு வேண்டாம். ஆசை பதக்கத்தின்மேல் திரும்பிவிடும். கோபுரத்தின் மேலேறி உடையவர் எல்லோருக்கும் வெளியிட்டதை எளிமைக்குச் சான்றாகப் பலரும் சொல்வர்; அதற்கு முன் அவர் திருக்கோட்டியூருக்குப் பதினெட்டு முறை நடந்ததை ஏனோ விட்டுவிடுவர்.

கடைசியாக ஸந்நிதி. தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் கைப்பேசியைத் தடைசெய்யும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. செயலி செய்பவருக்கு இது இடையூறன்று, நல்ல எல்லையே. திருவரங்கத்துக்கு மட்டும் 247 மங்களாசாஸனப் பாசுரங்கள் உண்டு. பெருமாள் முன்னே நின்று திரையில் அவற்றைத் தேடுபவர் பெருமாளைத்தான் இழக்கிறார். அவற்றை ஸேவார்த்திக்கு முதல் நாள் மாலையிலேயே காட்டலாம். தங்கிய விடுதியில் ஒரு பத்தை இருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தவர், மறுநாள் கைப்பேசியை வாசலில் வைத்துவிட்டு உள்ளே போவார். கோஷ்டியில் அத்யாபகர்கள் தொடங்கும்போது அடுத்த அடி அவர் நாவில் தானே வந்து நிற்கும்.