துறவியின் கையில் வாள்!

வரலாற்று வகுப்பு. சிலுவைப் போர்களைப் பற்றிக் கூறிக்கொண்டிருந்தேன். மாணவன் ஒருவன் எழுந்து, "டெம்ப்ளர் என்றால் என்ன பொருள், ஐயா?" என்றான். "கோயிலார், வாளேந்திய துறவிகள்" என்றேன். "துறவி கொலை செய்யலாமா, ஐயா?" என்றான். மணி அடித்துவிட்டது. கேள்வி மட்டும் என்னோடு வீடுவரை வந்தது.

தோழர்களே! 1119-ஆம் ஆண்டு வாக்கில் எருசலேமில் தோன்றியது அந்தச் சங்கம். வழிப்பயணிகளைக் கொள்ளையரிடமிருந்து காப்பது நோக்கம். நல்ல நோக்கந்தான்! மன்னன் இரண்டாம் பால்டுவின் அவர்கள் தங்க இடம் தந்தான். எந்த இடம்? அல்-அக்சா பள்ளிவாசல்! வென்றவர்கள் அதைச் 'சாலமோனின் கோயில்' என்று அழைத்தனர். அதிலிருந்து பிறந்ததே 'கோயிலார்' எனும் பெயர்.

இடத்துக்குப் புதுப்பெயர் கிடைத்தது, கொலைக்கும் கிடைத்தது! கிளேர்வோ மடத்துத் தலைவர் பெர்னார்டு இவர்களைப் போற்றி நூல் எழுதினார். தீயவனைக் கொல்வது மனிதக்கொலை ஆகாது, தீமைக்கொலையே என்று வாதிட்டார். எவன் தீயவன்? தீர்ப்பளிப்பவர் யார்? வாள் பிடித்தவரே அன்றோ!

"எளியோரைக் காக்க வாளெடுப்பதும் குற்றமா?" என்பீர்கள். இல்லை. ஆனால், காப்பவன் தன் கையில் படிவது மனிதக் குருதி என்பதை அறிவான். அதனால் தயங்குவான், வேறு வழி தேடுவான். புனிதம் என்று பெயரிட்டுக்கொண்டவனுக்குத் தயக்கம் ஏது? தேடல் ஏது?

காலச்சக்கரம் சுழன்றது. 1307 அக்டோபர் 13 அன்று, அவர்களிடம் கடன்பட்டிருந்த பிரெஞ்சு மன்னன் நான்காம் பிலிப், அவர்களையே 'மதத் துரோகிகள்' என்று சிறைப்பிடித்தான். சித்திரவதை வாக்குமூலங்களை வாங்கித் தந்தது. வாக்குமூலத்தை மறுத்த 54 பேர், 1310-இல் பாரிசு நகருக்கு அருகே எரிக்கப்பட்டனர். 1312-இல் போப் ஐந்தாம் கிளெமென்ட் சங்கத்தையே கலைத்தார். 1314-இல் தலைவர் ஜாக் தெ மொலேயும் தீக்கிரையானார். எரித்தவர்களும் தீமையைத்தான் அழிப்பதாகச் சொன்னார்கள்! பிறர்மீது வீசிய வாதம், வீசியவர் கழுத்துக்கே சுருக்காயிற்று.

மறுநாள் அந்த மாணவனை அழைத்தேன். "தம்பி, கொல்பவன் எந்தப் பெயரையும் சூட்டிக்கொள்ளட்டும், கொலைக்கும் எந்தப் பெயரையும் சூட்டட்டும். வெட்டுண்டு வீழ்பவன் மனிதன். அவனுக்கு மட்டும் பெயரை மாற்றவிடாதே!" என்றேன்.