கட்டாத வள்ளம்

வாடைக் காற்று வீசத் தொடங்கினால், சல்லி போன்ற நம் கரையோரக் கிராமங்களில் வள்ளங்களை மேட்டுக்கு இழுத்துக் கட்டிவிடுவார்கள். ஒருவன் சோம்பலால் தன் வள்ளத்தைக் கட்டாமல் விட்டான் என்று வைத்துக்கொள்வோம். இரவில் கடல் பொங்குகிறது. மிதந்து போன வள்ளம் அடுத்தவனுடைய வள்ளத்தில் மோதி அதையும் உடைக்கிறது. "என் வள்ளம், கட்டுவதும் விடுவதும் என் விருப்பம்" என்று மறுநாட் காலையில் அவன் சொல்ல முடியுமா?

நம் சட்டைப் பையிலுள்ள கையடக்கத் தொலைபேசியைக் குறித்தும் இன்று இதே கேள்வியைக் கேட்க வேண்டியிருக்கிறது.

"களவெடுக்க என்னிடம் என்ன இருக்கிறது?" என்கிறார்கள் பலர். இருக்கிறது: உங்கள் பெயர். முன்பின் தெரியாதவன் பணம் கேட்டால் எவரும் கொடுப்பதில்லை. ஆகவே கள்வன் உங்கள் பெயரைத் தேடுகிறான். வட்ஸ்அப் மோசடி நடக்கும் விதத்தைப் பாருங்கள். தெரிந்தவர் ஒருவரின் பெயரில் செய்தி வருகிறது: "தவறுதலாக உங்கள் தொலைபேசிக்கு ஆறு இலக்கங்கள் வந்திருக்கும், அனுப்பிவிடுங்கள்." அந்த ஆறு இலக்கங்களே உங்கள் கணக்கின் திறவுகோல். கொடுத்த மாத்திரத்தில் கணக்குக் கைமாறுகிறது. பின்பு வெளிநாட்டிலுள்ள அண்ணனுக்கும் ஊரிலுள்ள பெரியம்மாவுக்கும், "அவசரம், பணம் அனுப்புங்கள்" என்ற செய்தி உங்கள் பெயரிலேயே போகிறது. 2000ஆம் ஆண்டு மே மாதம் பிலிப்பைன்ஸிலிருந்து புறப்பட்ட 'ஐ லவ் யூ' வைரசும் இப்படித்தான் பரவியது. கடிதத்தோடு வந்த இணைப்பைத் திறந்தவரின் முகவரிப் பட்டியலில் இருந்தோருக்கெல்லாம் அவர் பெயராலேயே அது தன்னை அனுப்பிக்கொண்டது.

அப்படியாயின் ஏமாந்தவர் குற்றவாளியா? அவசரப்பட்டுத் தீர்ப்பிடலாகாது. களவு செய்தவனே கள்வன். நமது நாட்டின் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டமும் அனுமதியின்றி நுழைபவனையே தண்டிக்கிறது. ஆனால் மனச்சாட்சியின் கேள்வி சட்டத்தோடு முடிவதில்லை. புனித தோமஸ் அக்குவினாஸ் அறியாமையை ஆராயும்போது ஒரு வேறுபாட்டைக் காட்டுகிறார். முயன்றும் அறிய முடியாததை அறியாதிருப்பது பாவமன்று. அறியக் கடமைப்பட்டதை, அறியக்கூடியதை, அசட்டையால் அறியாதிருப்பது பாவம். மகனின் பெயரைக் கண்டு நம்பி ஏமாந்த வயோதிபத் தாயார் முதல் வகை. எச்சரிக்கை கேட்டும் "பிறகு பார்ப்போம்" என்றிருப்பவர் இரண்டாம் வகை.

இந்தப் "பிறகு பார்ப்போம்" பெரிய இடங்களையும் விட்டுவைக்கவில்லை. 2023 ஆகஸ்டில் இலங்கை அரசின் மின்னஞ்சல் சேவை, கோப்புகளைப் பூட்டிவிட்டுக் கப்பம் கேட்கும் மென்பொருளால் தாக்கப்பட்டது. ஏறக்குறைய 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான கடிதங்கள் மீளவில்லை. அக்காலத்துக்குரிய பிரதி வேறிடத்தில் இருக்கவில்லை. பயன்பாட்டில் இருந்ததோ பழைய மென்பொருள், புதுப்பித்தல் தாமதமாகியிருந்தது.

வள்ளத்தைக் கட்டும் கயிறுகள் சிலவே. மின்னஞ்சலுக்கு வேறெங்கும் பயன்படுத்தாத நீண்ட கடவுச்சொல் வையுங்கள். இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்குங்கள். வந்த இலக்கங்களை எவருக்கும் சொல்லாதீர்கள். தெரியாத இணைப்பைத் தொடாதீர்கள், செயலிகளை உரிய இடத்திலிருந்தே இறக்குங்கள், புதுப்பித்தலைத் தள்ளிப்போடாதீர்கள். பணம் கேட்டுச் செய்தி வந்தால், அனுப்பியவரை அழைத்து அவருடைய குரலைக் கேளுங்கள்.

இன்னொன்றும் உண்டு. ஏமாந்தவர் பலர் வீட்டாரின் ஏச்சுக்குப் பயந்து மறைத்துவிடுகிறார்கள். அந்த மௌனத்தில்தான் அடுத்தவரும் ஏமாறுகிறார். "என் கணக்குப் பறிபோய்விட்டது, என் பெயரில் வருவதை நம்பாதீர்கள்" என்று உடனே சொல்வது வெட்கமன்று, பிறரன்பு. பிள்ளைகளே, உங்கள் தாய் தந்தையர் இதைச் சொல்ல வரும்போது சிரிக்காதீர்கள். பெற்றோரே, பிள்ளைகள் சொல்ல வரும்போது கை ஓங்காதீர்கள்.

வள்ளம் அவிழ்ந்துவிட்டதென்று இரவிலேயே கூவிச் சொன்னால், ஊரே ஓடிவந்து பிடிக்கும். விடியும்வரை மறைத்தால் உடைந்த பலகைகளைத்தான் பொறுக்க வேண்டியிருக்கும்.